சல்ட் ஊரில் ஒரே காலையில் இறந்தவர்கள்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால், பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்வதற்கு முன்னால் ரக்தாவின் இணையதளம் சொல்லிவிடும். அம்மான் பேருந்துகள் கிளம்புகிற இடத்துக்கு எதிரே அவளுடைய ஜெராக்ஸ் கடை. கல்யாண அட்டை, பாஸ்போர்ட் போட்டோ, பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். முன்பெல்லாம் மரண அறிவிப்பு அச்சடித்துச் சுவரில் ஒட்டவும் அவளிடமே வருவார்கள். சுவரில் ஒட்டுவதை இணையத்தில் போட்டால் என்ன என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அப்படி ஆரம்பித்ததுதான் அந்தத் தளம்.

இறந்தவரின் வீட்டார் போனிலிருந்தே விவரம் அனுப்பலாம். இறந்தவர் பெயர், தகவல் தருபவர் பெயர், ஜனாஸா தொழுகை எந்தப் பள்ளிவாசலில், துக்கம் விசாரிக்க எந்த வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். ரக்தா ஒரு தடவை படித்துப் பார்த்து அனுமதி கொடுத்தால், கறுப்புக் கரை போட்ட அட்டை தானாகத் தயாராகி, தளத்தில் பதிந்திருக்கிற எல்லாருடைய போனுக்கும் போய்விடும். ஊரில் பதியாதவர்கள் குறைவு. துபாயிலும் தோஹாவிலும் வேலை பார்க்கிற எங்கள் பிள்ளைகள்கூடப் பதிந்திருந்தார்கள். அட்டை செய்து அனுப்புகிற வேலையை ஒரு ப்ளகின், அதாவது தளத்தோடு இணைத்துக்கொள்கிற ஒரு சின்ன மென்பொருள், பார்த்துக்கொண்டது. எந்த நாட்டிலோ யாரோ எழுதி, இலவசமாகக் கொடுத்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று ரக்தாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அதுவரை வரவில்லை.

அன்று வியாழக்கிழமை. கடையைத் திறந்து, கணினியைப் போட்டதும், அந்த ப்ளகினுக்குப் புதிய வெர்ஷன் வந்திருக்கிறது என்று காட்டியது. எப்போதும் போல அழுத்தினாள். சக்கரம் சுற்றியது, முடிந்தது என்று பச்சை எழுத்தில் வந்தது. அதே நேரம் புதிதாக ஒரு மரண அறிவிப்பும் வந்திருந்தது. பழச்சாறுக் கடை வஜ்தியின் தாயார் ஹஜ்ஜா பத்ரிய்யா விடியற்காலையில் இறந்துவிட்டார். வஜ்திதான் அனுப்பியிருந்தான். ரக்தா ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு அனுமதி கொடுத்தாள். பிறகு ஒரு மாணவியின் ஆய்வேட்டைப் பிரதி எடுக்கப் போனாள்.

பாதிப் பக்கம்கூட எடுத்திருக்கமாட்டாள். இப்திஸாம் சித்தி போன் செய்தாள்.

“வஜ்தி செத்துட்டானாடி? நேத்துதானே என் பக்கத்துல நின்னு தக்காளி பொறுக்கிட்டிருந்தான்.”

“வஜ்தி இல்ல சித்தி. அவங்க அம்மா.”

“எனக்குப் படிக்கத் தெரியும். இறந்தவர் வஜ்தின்னு போட்டிருக்கு. தகவல் ஹஜ்ஜா பத்ரிய்யான்னு போட்டிருக்கு. பெத்தவ வயத்துல என்ன நெருப்பு எரியுதோன்னு நான் இங்க உக்காந்து அழுதுட்டிருக்கேன்.”

ரக்தா ஓடிவந்து திரையைப் பார்த்தாள். சித்தி சொன்னது சரி. துக்கத்தில் வஜ்தி பெயரை மாற்றி எழுதிவிட்டானோ என்று அவன் அனுப்பிய விவரத்தைத் திறந்தாள். அவன் சரியாகத்தான் எழுதியிருந்தான். அட்டைதான் தப்பு. நீக்கலாம் என்று போவதற்குள் அவளுடைய போன் அதிர்ந்தது. ஒரு புதிய அட்டை. பிறகு இன்னொன்று. அவள் எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை.

முதல் அட்டையில் தபால் நிலையத்து நஜாத் இறந்திருந்தாள். காலையில்தான் கடை வாசலில் அவளுக்கு ஸலாம் சொல்லியிருந்தாள் ரக்தா. அடுத்ததில் சவரக்கடை மஹ்தி. அதற்கடுத்து இன்னொரு அட்டை வந்தது.

‘அல்லாஹ்வின் கருணையை அடைந்தவர்: ரக்தா. தகவல்: ஹாஜி ஸுலைமான்.’

ஹாஜி ஸுலைமான் அவளுடைய மாமனார். போன குளிர்காலத்தில் இறந்தவர். அவருக்கு அறிவிப்பு அனுப்பியது ரக்தாதான். இப்போது அவர் இவளுடைய சாவை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. புதிய வெர்ஷன் வந்ததும் ப்ளகின் பழைய அறிவிப்புகளையெல்லாம் எடுத்து மறுபடி அட்டை செய்கிறது. செய்கிறபோது இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிவிடுகிறது. புது அட்டை என்று நினைத்து, ஒவ்வொன்றாக ஊருக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் தாய்க்கோ தகப்பனுக்கோ அறிவிப்புக் கொடுத்த ஒவ்வொருவரும் சாகப்போகிறார்கள்.

நிர்வாகப் பக்கத்துக்குப் போய் ப்ளகினை நிறுத்தப் பார்த்தாள். பக்கம் வெள்ளையாக வந்தது. ஒரு எழுத்துகூட இல்லை. மறுபடி முயன்றாள். வெள்ளை. போனோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் அழுகை, இல்லாவிட்டால் திட்டு. “நான் செத்ததை எனக்கே சொல்றியா நீ” என்றார் மஹ்தி. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, அந்த ப்ளகினைச் செய்தவர்களின் மன்றத்தைக் கணினியில் தேடினாள்.

மன்றம் முழுவதும் ஆங்கிலம். போனில் மொழிபெயர்த்து எழுதிப் போட்டாள்: உயிரோடு இருக்கிறவர்களை என் தளம் சாகடிக்கிறது, உடனே உதவி வேண்டும். முதலில் பதில் எழுதியவர், தேக்ககத்தை, அதாவது கேஷை, காலி செய்து பார்த்தீர்களா என்று கேட்டார். இன்னொருவர், நீங்கள் தவறான பிரிவில் எழுதியிருக்கிறீர்கள், விதிகளைப் படியுங்கள் என்றார். மூன்றாவது ஆள் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சிரிக்கிற முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் இன்னொரு அட்டை வந்து விழுந்தது.

தளம் வைத்திருக்கிற அரபுக்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் மன்றம் ஒன்று உண்டு. எப்போதோ எழுத்துரு பற்றிக் கேட்க அவள் அங்கே போயிருக்கிறாள். அங்கே போய், என் தளம் சாகடிக்கிறது, காப்பாற்றுங்கள் என்று அவசரத்தில் எழுதினாள். உடனே பதில் வந்தது. நவால் என்று பெயர், ஊர் ஓரான். அல்ஜீரியாக்காரி.

“எந்த ப்ளகின், எந்த வெர்ஷன், எப்ப புதுப்பிச்சே? கதையெல்லாம் அப்புறம் சொல்லு.”

ரக்தா சொன்னாள்.

“நிர்வாகப் பக்கம் வெள்ளையா இருக்கா? இருக்கட்டும், அது வேண்டாம். தளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனி இருக்குல்ல, அவங்க பக்கத்துல நுழை. அங்க உன் ஃபைல் எல்லாம் இருக்கும். ப்ளகின் எல்லாம் இருக்கிற ஃபோல்டரைத் திற. உள்ள இதுக்குன்னு தனியா ஒரு ஃபோல்டர் இருக்கும். அதோட பேர்ல ஓர் எழுத்தைச் சேத்து விடு.”

“அழிச்சிடட்டுமா?”

“அழின்னு நான் சொன்னேனா? பேரை மாத்து. பழைய பேர்ல தேடிப் பாத்துட்டு, ஆள் இல்லைன்னு தளம் அதை விட்டுடும். முதல்ல அது வாயை அடைப்போம் தங்கச்சி, எதுக்குப் பேசுச்சுன்னு பெறகு விசாரிப்போம்.”

ரக்தா அந்தப் பக்கத்தில் நுழைந்து ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். வெளியே பெரிய ஹாரன் சத்தம். அம்மான் பேருந்து ஒன்று சாலைக்குக் குறுக்காக வந்து நின்றது. கதவு திறந்து அவளுடைய கணவன் ஸுஹைர் குதித்தான். அவன்தான் அந்தப் பேருந்தின் ஓட்டுநர். கடை வாசலில் வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

ரக்தா திரும்பிப் பார்த்தாள். “ஒரு நிமிஷம் இரு, அபு லைத். ஃபோல்டர் பேரை மாத்திக்கிட்டிருக்கேன்” என்றாள். மகன் லைத்தின் அப்பா என்று, ஊர் வழக்கப்படி அவனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவன் அங்கே அடுக்கியிருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தான்.

அவள் ஓர் எழுத்தைச் சேர்த்தாள். போனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அட்டை வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. அதற்குப் பிறகுதான் எழுந்து கணவனிடம் போனாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். விடவில்லை.

“ஸுவைலிஹ் ஏத்தத்துல போய்க்கிட்டிருக்கேன்” என்றான். “பின்னாடி ஒரு பொண்ணு ஐயோன்னா. என்னன்னு கேட்டேன், சொல்லமாட்டேங்குது. போனை வாங்கிப் பாத்தா உன் பேரு. கீழ எங்கப்பா பேரு. எங்கப்பா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன். உனக்குப் போன் பண்ணா பிஸி, பிஸி, பிஸி. செத்தவ போன் எப்படி பிஸியா இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். யோசிக்கல. வண்டியைத் திருப்பிட்டேன்.”

“ஆளுங்களோடயா?”

“ஆளுங்களோடதான்.”

பேருந்திலிருந்து எல்லாரும் இறங்கிக் கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மூன்று கல்லூரிப் பெண்கள், சீருடையில் ஒரு சிப்பாய், கையில் எக்ஸ்ரே உறையோடு ஓர் அம்மாள். “உயிரோடதான் இருக்கா” என்று சிப்பாய் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னான். எக்ஸ்ரே அம்மாள் ரக்தாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “டாக்டர் இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான்னாரு. பரவாயில்ல. பாதி வழியில உம் புருஷன் அழுத அழுகையைப் பாத்தா, எனக்கு என் வலியே மறந்துபோச்சு” என்றாள். ஸுஹைர் தரையைப் பார்த்தான்.

ஓரானிலிருந்து நவால் எழுதியிருந்தாள்: “நின்னுச்சா? நின்னா இனிமே உன் வேலை. தப்பாப் போனது யாருக்கெல்லாம்னு பாத்து எல்லாருக்கும் சொல்லிடு. ப்ளகினை நான் பாக்கறேன்.”

போன அட்டைகளை ரக்தா ஒவ்வொன்றாகப் படிக்க, பேருந்தில் வந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குப் போன் செய்தார்கள். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி தன் பள்ளி ஆசிரியைக்குப் போட்டு, “டீச்சர், நீங்க சாகல, பயப்படாதீங்க” என்றாள். மறுபக்கம் என்ன சொன்னார்களோ, அவள் முகம் சிவந்துபோயிற்று. பெரும்பாலானவர்கள் எடுத்தார்கள். சிலர் ஏற்கெனவே தங்கள் வீட்டு வாசலில் நின்று, வந்தவர்களிடம் தாங்கள் உயிரோடு இருப்பதை விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் தோஹாவிலிருந்து ஓர் அழைப்பு. கஸ்ஸான். தந்தை அபு கஸ்ஸான், ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், ஜத்ஆ மேட்டில் தனியாக இருக்கிறார். மனைவி இறந்தபோது அறிவிப்பை அவரே கைப்பட அனுப்பியிருந்தார். அதனால் அவரும் இன்று காலை இறந்தவர்களில் ஒருவர்.

“எங்கப்பா எப்ப போனாரு?” என்றான் கஸ்ஸான். “யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே.”

“அண்ணே, அது பொய். என் தளத்துல கோளாறு. எல்லாருக்கும் இப்படித்தான் போயிருக்கு. என் பேரும் போயிருக்கு. அப்பா நல்லாத்தான் இருப்பாரு.”

“நல்லாத்தான் இருப்பாருன்னா?” என்றான் அவன். “நேத்து சாயந்திரத்துலேருந்து போன் பண்றேன். எடுக்கல. தூங்கிட்டிருப்பாருன்னு நெனச்சேன். இப்ப இது வந்திருக்கு. நீ பொய்ன்னு சொல்றே. நீ நேர்ல பாத்தியா?”

காலையிலிருந்து எல்லாரிடமும் பொய், பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, இந்த ஒன்று பொய்தானா என்று தெரியவில்லை. ஸுஹைர் அவள் கையிலிருந்து போனை வாங்கினான். “நான் போறேன், கஸ்ஸான். இப்பவே போறேன்” என்றான். சிப்பாயும் கூடவே ஏறினான். பேருந்து மேட்டை நோக்கிக் கிளம்பியது.

அபு கஸ்ஸான் வீட்டுப் படிக்கட்டில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அட்டையைப் பார்த்துத் துக்கம் கேட்க வந்தவர்கள். ஒருவர் பேரீச்சம்பழத் தட்டு கொண்டுவந்திருந்தார். அக்கம்பக்கத்தில் யாரோ துக்க வீட்டில் கொடுக்கிற கசப்புக் காப்பி போட்டு ஃபிளாஸ்கில் எடுத்து வந்திருந்தார்கள். ஆனால் வீடு பூட்டியிருந்தது. சாவு வீடு எங்காவது பூட்டியிருக்குமா? யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மருத்துவமனையில் வைத்திருப்பார்கள் என்றார் ஒருவர். மகன் வந்து திறப்பான், காத்திருப்போம் என்றார் இன்னொருவர்.

ஸுஹைர் கதவைத் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். பிறகு சிப்பாயும் அவனுமாகத் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பூட்டு சட்டத்தோடு பெயர்ந்து வந்தது.

அபு கஸ்ஸான் சமையலறைத் தரையில் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. உடைந்த குவளை பக்கத்தில். முந்தின நாள் தண்ணீர் எடுக்கப் போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். போன் கூடத்தில். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண், கதவை உடைத்துக்கொண்டு வந்து நிற்கிற அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது.

“எதுக்கு வந்தீங்க?” என்றார். காற்று மாதிரிதான் வந்தது.

பேரீச்சம்பழத் தட்டோடு நின்றவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: “துக்கம் கேக்க.”

“யாருக்கு?”

சிப்பாய் முழந்தாளிட்டு, துணியை நனைத்து அவர் வாயில் பிழிந்தான். ஸுஹைர் போனைக் காதில் வைத்து, “இருக்காரு. கஸ்ஸான், இருக்காரு, இருக்காரு” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். கஸ்ஸான் முதலில் அழுதான். பிறகு ரக்தாமேல் போலீசில் புகார் கொடுப்பேன் என்று கத்தினான். பிறகு அப்பாவுக்குத் தண்ணி கொடுங்க, தண்ணி கொடுங்க என்றான். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இன்னொரு நாள் அப்படியே கிடந்திருந்தால் தாங்கியிருக்கமாட்டார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மனைவி போனதிலிருந்து அந்தப் படிக்கட்டில் ஏறி அவரைப் பார்க்க வந்தவர்கள் யாருமில்லை. அன்று வந்தவர்களில் பலர் அதைப் பற்றி இன்றுவரை பேசுவதில்லை.

கடையில் ரக்தாவுக்கு இந்தச் செய்தி வந்தபோது அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. திரையில் நவாலின் பதில் காத்திருந்தது.

“கண்டுபிடிச்சேன். புது வெர்ஷன்ல, வலமிருந்து இடமா எழுதற மொழிக்கு வசதி செய்யறோம்னு சேத்திருக்காங்க. எழுத்து மட்டும் திரும்பினா போதும். அவங்க விவரம் இருக்கிற வரிசையையே திருப்பிட்டாங்க. மொதல்ல இருக்கிற பேரு ரெண்டாவது ஆயிடுச்சு. இங்கிலீஷ்காரனுக்கு ஒண்ணும் ஆகல, அதான் யாரும் கவனிக்கல. பழைய வெர்ஷனை நான் தர்ற இடத்துலேருந்து எடுத்துப் போடு. தானா அனுப்புறதை மட்டும் நிறுத்தி வச்சிடு.”

அதே பக்கத்தில் இன்னும் சிலர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஷீராஸில் கல்யாண மண்டபம் நடத்துகிற, வலமிருந்து இடமாகவே எழுதுகிற பாரசீகக்காரர் ஒருவர், மாப்பிள்ளை பெயர் வர வேண்டிய இடத்தில் பெண்ணின் தகப்பனார் பெயர் வந்து, அழைப்பிதழ் ஊர் முழுக்கப் போய்விட்டது, சம்பந்தி வீட்டார் வாசலில் நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ப்ளகினைச் செய்தவர்களும் கடைசியில் ஆங்கில மன்றத்தில் ஒரு வரி எழுதினார்கள்: எங்கள் கணினியில் சரியாக வேலை செய்கிறது. நவால் அதன் கீழே, “உங்க கணினியில யாரும் சாகல, அதனால சரியாத்தான் இருக்கும்” என்று எழுதிவிட்டு வந்தாள்.

பழைய வெர்ஷனைப் போட்டதும் நிர்வாகப் பக்கம் திரும்பி வந்தது. பெயர்கள் சரியாக இருந்தன. ரக்தா நன்றி சொன்னாள்.

“இருக்கட்டும். உன்னுது என்ன கடை? துணியா, நகையா? சாகடிக்குதுன்னு எழுதியிருந்தியே, ஆர்டரெல்லாம் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்.”

ரக்தா என்ன தளம் என்று சொன்னாள். அபு கஸ்ஸானைப் பற்றியும் சொன்னாள்.

“மனுஷங்களா” என்று வந்தது. “நான் இத்தனை நேரம் மனுஷங்க சாவை வச்சிக்கிட்டா சிரிச்சேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.”

ஹஜ்ஜா பத்ரிய்யாவின் அட்டையைத் திருத்தி, கீழே தன் பெயரில் மன்னிப்பும் சேர்த்து ரக்தா அனுப்பினாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. அவள் தனியாக அந்த வீட்டுக்குப் போனாள். வாசலில் நின்றிருந்த வஜ்தி, “நீ வேணும்னு செய்யல, உம்மு லைத். உள்ள போ” என்று மட்டும் சொன்னான்.

உள்ளே பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். வஜ்தியின் அக்கா ஹியாம் அவளுக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“காலையில யாரெல்லாம் வந்தாங்க தெரியுமா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “வஜ்திக்குன்னு நெனச்சு ஓடி வந்தாங்க. மாரடிச்சுக்கிட்டு வந்தாங்க. வாசல்ல வஜ்தி நிக்கிறதைப் பாத்ததும் கட்டிப் பிடிச்சுச் சிரிச்சாங்க. அல்ஹம்துலில்லாஹ்ன்னாங்க. உள்ள எங்கம்மாவைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்கோம். வெளியில சிரிக்கிற சத்தம் கேக்குது. இறந்தது கெழவிதானான்னு யாரோ சொன்னாங்க. அதுவும் கேட்டுச்சு.”

ரக்தா மன்னிப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். ஹியாம் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். காப்பி ஆறிப்போனது. கடைசிப் பெண் எழுந்து போகிறவரைக்கும் ரக்தா அங்கேயே இருந்தாள்.

அடுத்த வாரம் ப்ளகினுக்கு மறுபடி புதிய வெர்ஷன் வந்தது. என்ன மாற்றியிருக்கிறார்கள் என்ற குறிப்பில், ‘வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் சிறிய காட்சிப் பிழை சரிசெய்யப்பட்டது’ என்று இருந்தது. ரக்தா அதை நவாலுக்கு அனுப்பினாள். தளத்துக்கு ஒரு நகல் வைத்து, எதையும் அதில் போட்டுப் பார்த்த பிறகுதான் உண்மைத் தளத்தில் போட வேண்டும் என்று நவால் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது அப்படித்தான் செய்கிறாள். அனுமதி கொடுப்பதற்கு முன், வீட்டாருக்குப் போன் போட்டு, அட்டையை வாய்விட்டுப் படித்தும் காட்டுகிறாள்.

அபு கஸ்ஸானுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மகன் வந்து தோஹாவுக்குக் கூப்பிட்டான், போகமாட்டேன் என்றுவிட்டார். சிப்பாய் விடுமுறையில் வரும்போதெல்லாம் அவரைப் போய்ப் பார்க்கிறான். வஜ்தி எப்போதும் போல ரக்தாவின் கடைக்கு வருகிறான். ஹியாம் வருவதில்லை. ஒரு தாள் பிரதி எடுக்க வேண்டுமென்றாலும் சந்தைக்குப் பின்னால் இருக்கிற கடைக்கு மேடேறிப் போகிறாள். கடை வாசலைக் கடக்கும்போது ரக்தா ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொல்கிறாள், நிற்பதில்லை.